வீட்டில் வைத்துக் குழந்தை பார்க்க எவ்வளவு கேட்கலாம்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் குடியிருக்கும் குடும்பம் ஒன்று தங்கள் இரண்டு பிள்ளைகளையும் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கேட்கிறது. சின்னவளுக்கு 14 மாதம். காலை எட்டரைக்கு விட்டால் மாலை ஆறுக்குத்தான் கூட்டிப்போவார்கள். பெரியவனுக்கு 7 வயது, பள்ளி விட்டு மூன்றரைக்கு வருவான். வாரத்தில் 5 நாள். உங்களுக்கும் 3 வயதில் ஒரு குழந்தை வீட்டில் இருக்கிறது. "எவ்வளவு வேணும்னு நீங்களே சொல்லுங்க, எப்படியும் வீட்லதானே இருக்கீங்க" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். கூடக் கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பாரோ, குறைத்துக் கேட்டால் நாளைக்கு நாமே நொந்துகொள்வோமோ என்று தயங்குகிறீர்கள்.

கேட்டிருப்பது ஒரு தொகை. அதற்கு அடியில் இருக்கும் கேள்வி, எப்படியும் வீட்டில் இருக்கப்போகிற நேரத்துக்குக் காசு வாங்குவது சரியா, சரி என்றால் எதை வைத்து அளப்பது என்பதுதான். வீட்டில் குழந்தை பார்ப்பவர்களுக்குக் கட்டணக் கணக்குப் போட்டுக் கொடுப்பதும், பாதியில் மனக்கசப்பாகிப்போன ஏற்பாடுகளில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதும் என் வேலையின் ஒரு பகுதி. உங்கள் ஊர் விலைவாசி எனக்குத் தெரியாது. ஆகவே பணத்தொகை எதையும் சொல்லப்போவதில்லை. ஒரு மணி நேரக் கூலியை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அந்த அளவிலேயே சொல்கிறேன். உங்கள் ஊர் எண்ணை அந்த 100-இன் இடத்தில் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் "எப்படியும் வீட்லதானே" என்ற பேச்சை முடித்துவிடலாம். வீட்டில் இருப்பது வேறு, கட்டுண்டு இருப்பது வேறு. அந்தக் குழந்தை உங்களிடம் இருக்கும் ஒன்பதரை மணி நேரத்தில் பத்து நிமிடம் கடைக்குப் போக முடியாது, தலைவலி என்று கதவைச் சாத்திப் படுக்க முடியாது, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய இன்னொரு வேலையை நம்பி எடுத்துக்கொள்ள முடியாது. குழந்தை இரண்டு மணி நேரம் தூங்கினாலும் இதே நிலைதான். தூங்கும் நேரத்தைக் கழித்துக்கொள்ளலாமே என்று பேரம் வந்தால் தயங்காமல் மறுக்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் எண் ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவு இதைத் தொடுகிறது. தன் விருப்பப்படி செலவழிக்க முடியாமல், அழைத்தால் எழுந்து வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. அடுத்தவர் வீட்டில் போய் வேலை செய்பவர்களுக்கான ஒப்பந்தம் என்பதால் அது உங்களை நேரடியாகக் கட்டாது. நியாயம் எந்தப் பக்கம் என்பதற்கு அது போதும்.

ஆக, நீங்கள் விற்பது உங்கள் நேரம். குழந்தைக்கு இவ்வளவு என்று தலையை எண்ணிக் கட்டணம் சொன்னால் பிற்பாடு எல்லாக் கணக்கும் குழம்பும். மணிக்கு இவ்வளவு என்பதில் தொடங்கினால், நேரம் கூடினாலும் ஆள் கூடினாலும் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்.

அந்த 100-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் பகுதியில் இரண்டு விலையை விசாரியுங்கள். ஒன்று, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு எவ்வளவு வருகிறது என்பது. இன்னொன்று, பெற்றோர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் அனுபவமுள்ள ஆயா மணிக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பது. முதலாவது உங்கள் தரை, இரண்டாவது கூரை. கூரையைத் தாண்டிக் கேட்டால் அவர்கள் ஆயாவையே வைத்துக்கொள்வார்கள், அதுதான் அவர்களுக்கும் புத்திசாலித்தனம். உங்களுக்குப் பயணச் செலவு இல்லை, உங்கள் குழந்தையையும் கூடவே பார்த்துக்கொள்கிறீர்கள், ஆகவே ஆயாவைவிடச் சற்றுக் குறைவு என்பது பொருத்தம். தரை 80, கூரை 120 என்றால் 100 என்று தொடங்கலாம். முதலுதவிப் பயிற்சி, குழந்தைக் கல்வியில் படிப்பு, பல வருட அனுபவம் இருந்தால் கூரையை ஒட்டிப் போகலாம். இந்த இடத்தில் துல்லியம் என்று எதுவும் கிடையாது. தரைக்குக் கீழே போகக்கூடாது என்பது மட்டும் உறுதி.

இந்த இரண்டோடு பெற்றோர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவருவார்கள். குழந்தைகள் காப்பகத்தின் மாதக் கட்டணம். அதோடு ஒப்பிட்டால் நீங்கள் கேட்பது மலைபோலத் தெரியும், அங்கேதான் பெரும்பாலோர் பயந்து விலையைப் பாதியாக்கிவிடுகிறார்கள். காப்பகத்தில் ஒரு பணியாளரின் ஒரு மணி நேரத்தை நான்கைந்து குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு குழந்தைக்கு மாதம் 5,000, பணியாளர் ஒருவருக்கு 4 குழந்தை, மாதம் 200 மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள். அந்தப் பணியாளரின் ஒரு மணி நேரம் ஈட்டித் தருவது 100. அதிலிருந்து வாடகை, நிர்வாகம், லாபம் எல்லாம் போகிறது. உங்களிடம் வரும் குழந்தைக்கோ உங்கள் நேரத்தின் பெரும்பகுதி தனியாகக் கிடைக்கிறது. அந்தத் தனிக் கவனம் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், சொல்ல வேண்டியது "மணிக்கூலியைக் குறைத்துக்கொள்கிறேன்" என்பதல்ல, "இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொள்கிறேன், இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்பது. இரண்டு குடும்பங்கள் சேரும்போது வழக்கமாகச் சொல்லப்படும் பங்கு ஆளுக்கு 65 அல்லது 70. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், உங்களுக்கு 130 முதல் 140 வரை. கூடுதல் குழந்தையின் கூடுதல் பாடு அந்த 30, 40-இல் அடங்குகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு நடை பழகும் குழந்தைகள் என்றால் சிலருக்கு அடங்குவதில்லை.

இனி மணி நேரத்தை எண்ணுவது. கணக்கு அதிகம் வழுக்குவது இங்கேதான். எட்டரை முதல் ஆறு வரை ஒன்பதரை மணி நேரம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஆறு மணிக்கு அந்த அம்மா வாசலுக்கு வருகிறார் என்று வையுங்கள். ஒரு செருப்பைக் காணோம், சோபாவுக்கு அடியில் இருக்கிறது. ஈரத்துணி, பால் புட்டி, பெரியவனின் நோட்டு எல்லாம் பையில் ஏற வேண்டும். சின்னவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எவ்வளவு சாப்பிட்டாள், மலம் எப்படிப் போனாள் என்று சொல்லி முடிக்கக் கால்மணி ஆகிவிடும். அவர்கள் போன பிறகு தரையில் காய்ந்து ஒட்டியிருக்கும் சாப்பாட்டைச் சுரண்டி, டயப்பர் குப்பையை வெளியே கட்டிவைத்து, மறுநாளைக்கு விரிப்பைத் துவைத்துப்போட வேண்டும். காலையில் அவர்கள் வருவதற்கு முன்பே மருந்து, கத்தரிக்கோல், சூடான பாத்திரம் எல்லாம் கைக்கெட்டாத இடத்துக்கு ஏற வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இதெல்லாம் சேர்ந்து நாளைக்கு முக்கால் மணி நேரம் என்பது நிதானமான மதிப்பீடு. ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்தால் உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும். ஆக உங்கள் நாள் பத்தேகால் மணி நேரம்.

இரண்டாவது பிள்ளைக்கு வருவோம். மூன்றரை முதல் ஆறு வரை அவன் இருக்கும் இரண்டரை மணி நேரமும் உங்கள் நேரம் ஏற்கெனவே தங்கைக்கு விற்கப்பட்டுவிட்டது. அதனால் முழு மணிக்கூலி கேட்பது அநியாயம், எதுவும் கேட்காமல் விடுவதும் அநியாயம். கூடப்பிறந்தவர்களுக்குப் பாதிக் கூலி என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் அளவு. சட்டமொன்றும் இல்லை, 40-இலிருந்து 60 வரை எதைச் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் இப்போதே பேசிவிடுங்கள்: பள்ளி விடுமுறை. அன்றைக்கு அவன் இரண்டரை மணி நேரம் அல்ல, ஒன்பதரை மணி நேரம் உங்களோடு இருப்பான். ஆண்டு விடுமுறையில் வாரக்கணக்கில் இருப்பான். "லீவுதானே, அவன் பாட்டுக்கு விளையாடிக்கிட்டு இருப்பான்" என்ற ஒற்றை வாக்கியத்தில் ஏழு மணி நேரப் பாதிக்கூலி காணாமல் போவது சர்வ சாதாரணம்.

உங்கள் சொந்தக் குழந்தை விஷயத்தில் இரண்டு தரப்பிலும் தவறான பேச்சைக் கேட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளையோடு பிள்ளையாக வளரட்டும், அதற்கு எதற்குத் தனிக் காசு என்பது ஒன்று. என் பிள்ளை இருப்பது என் வீட்டு விவகாரம், அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது மற்றொன்று. உங்கள் மூன்று வயதுக் குழந்தை அழுதால் நீங்கள் எழுந்து போவீர்கள், அந்த நேரம் மற்றவளுக்குக் கிடைக்காது. முழுக் கவனத்துக்கு முழு விலை என்றால், பகிர்ந்த கவனத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுப்பதுதான் நேர்மை. 10 முதல் 20 சதவீதம் கழிப்பது வழக்கம், நான் 15 என்று வைப்பேன். இதைப் பார்த்துக்கொள்ளும் நேரத்துக்கு மட்டும் கழியுங்கள். முக்கால் மணி நேரத் துடைத்துப் பெருக்கும் வேலைக்குக் கழிக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கும் நாளில் தள்ளுபடியும் குறையும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

செலவுகளைக் கூலியோடு கலக்காதீர்கள். டயப்பர், துடைப்பான், பால் மாவு, மாற்று உடை, மருந்து எல்லாம் பெற்றோர் கொண்டுவர வேண்டியவை. அதில் பேரமே வேண்டாம். நீங்கள் தரும் சாப்பாட்டை நாள் கணக்கில் போடுங்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, சோப்பு இவற்றுக்குத் தோராயமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, குழந்தைகள் வருவதற்கு முந்தைய இரண்டு மாத பில்லையும் வந்த பிறகு இரண்டு மாத பில்லையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். வெயில் காலத்து பில்லைக் குளிர் காலத்து பில்லோடு ஒப்பிட்டால் தப்பாக வரும், போன வருடத்து அதே மாதங்களை எடுங்கள். பிறகு முன்முதலீடு: படிக்கட்டுக்கும் சமையலறைக்கும் தடுப்புக் கதவு, அலமாரிப் பூட்டு, மின்செருகு மூடி, தனிப் படுக்கை, வெப்பமானி, முதலுதவிப் பெட்டி. உங்கள் குழந்தைக்காக ஏற்கெனவே வாங்கியவற்றைச் சேர்க்காதீர்கள். புதிதாக வாங்குவதை 24 மாதத்தில் வகுத்து மாதாமாதம் சேர்ப்பது பொதுவான முறை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். சின்னவளுக்கு ஒன்பதரை மணி நேரம், 950. பெரியவனுக்கு இரண்டரை மணி நேரம் பாதிக் கூலியில், 125. இரண்டும் 1,075. அதில் 15 சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 914. முன்னும் பின்னுமான முக்கால் மணி நேரத்துக்கு 75. ஒரு நாளைக்கு 989.

இதை மாதமாக மாற்றும்போது எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாதத்துக்கு 4 வாரம், ஆகவே 20 நாள் என்று பெருக்கிவிடுகிறார்கள். வருடத்துக்கு 52 வாரம், 260 வேலை நாள், 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 21.67 நாள். 20-ஆல் பெருக்கினால் வருடத்தில் 20 நாள், அதாவது அவர்கள் கணக்கில் முழுதாக ஒரு மாதம், கூலியில்லாமல் வேலை செய்கிறீர்கள். 989-ஐ 260-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 21,428. சாப்பாட்டுக்கு நாளைக்கு 40 வீதம் 867, மின்சாரம் முதலானவற்றுக்கு 500, முன்முதலீடு 6,000 என்றால் மாதத்துக்கு 250. ஆக மொத்தம் 23,045. வட்டமாக 23,000 என்று சொல்லலாம்.

தொகை வந்ததும் ஒருமுறை பின்னோக்கிச் சரிபாருங்கள். செலவுகளைத் தள்ளிவிட்டு மிஞ்சும் 21,428-ஐ உங்கள் உண்மையான மாத நேரத்தால், அதாவது பத்தேகால் மணி பெருக்கல் 21.67 நாள், சுமார் 222 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 96.5 வருகிறது. 80 என்ற தரைக்கு மேலேதான் இருக்கிறது. பேரம் பேசிப் பேசிக் குறைத்துக்கொண்டே போகும்போது கண் வைத்திருக்க வேண்டியது மாதத் தொகைமேல் அல்ல, இந்த எண்மேல். 23,000-ஐ 18,000 ஆக்கினால் "கொஞ்சம் குறைச்சுக்கிட்டேன்" என்று தோன்றும். செலவு 1,617 போக மிச்சத்தை 222-ஆல் வகுத்தால் மணிக்கு 74. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே போய்விட்டீர்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் கூடுதலாகக் கேட்பது முறை. பாலூட்டுவதும் புட்டியைக் கொதிக்கவைப்பதும் அடிக்கடி துணி மாற்றுவதும் ஒரு காரணம்தான். முக்கியக் காரணம், கைக்குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டால் அடுத்த குழந்தைக்கு இடமில்லாமல் போவது. அந்த இடத்தின் விலையையும் சேர்த்துத்தான் 20, 30 சதவீதம் கூடுதல் சொல்கிறார்கள். 14 மாதத்துக்கு அது பொருந்தாது என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

அடுத்து, வராத நாட்கள். குழந்தை வராவிட்டால் கூலி உண்டு, நீங்கள் பார்க்க முடியாவிட்டால் கூலி இல்லை. குழந்தை வராத நாளிலும் அந்த இடத்தை வேறு யாருக்கும் தர முடியாது, ஆகவே நேரத்துக்கான கட்டணம் ஓடும். சாப்பாட்டுச் செலவை மட்டும் கழித்துக்கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அவர்கள் வெளியூர் போனால் இடத்தைப் பிடித்துவைக்கப் பாதிக் கட்டணம் என்று விட்டுக்கொடுக்கலாம். பொது விடுமுறையும் உங்கள் சொந்த விடுப்பும் எப்படி என்பது உங்கள் விருப்பம். வருடத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று பேசலாம். இல்லையென்றால் அதை நாள்கூலியிலேயே ஏற்றிவிடலாம். 260 நாளில் 24 நாள் கூலியில்லாமல் விடுப்பு எடுப்பீர்கள் என்றால் நாள்கூலியை 260-க்கு 236 என்ற விகிதத்தில், அதாவது 10 சதவீதம், ஏற்றினால் வருட வருமானம் அதேதான். முதல் வழியில் மாதத் தொகை மாறாமல் இருக்கும் என்பதால் பெரும்பாலான குடும்பங்கள் அதைத்தான் விரும்புகின்றன.

காய்ச்சல் நாள் தனி. 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றைக்குக் கூட்டிவர வேண்டாம், மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வரலாம் என்பது காப்பகங்களில் பரவலாக இருக்கும் விதி. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அந்த நாட்களுக்கும் கூலி உண்டு. இதில் பெற்றோருக்கு மனத்தாங்கல் வரும்: காசும் கொடுத்து, விடுப்பும் எடுக்க வேண்டுமா என்று. ஆனால் அந்தக் காய்ச்சல் உங்கள் பிள்ளைக்குத் தொற்றினால், உங்களுக்கே தொற்றினால், நீங்கள் மூடிவைக்கும் நாட்களுக்கு யாரும் கூலி தரப்போவதில்லை.

தாமதமாக வந்து கூட்டிப்போவது பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அபராதம் போட்டால் திருந்திவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 காப்பகங்களில் 20 வாரம் கவனித்து யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்ற பொருளியலாளர்கள் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 6 காப்பகங்களில் ஐந்தாம் வாரத்திலிருந்து, 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் குழந்தைக்கு 10 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) அபராதம். தாமதமாக வருபவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். பதினேழாம் வாரத்தில் அபராதத்தை எடுத்துவிட்ட பிறகும் அந்த எண்ணிக்கை இறங்கவில்லை. காசு கட்டுகிறோமே என்றதும், காத்திருக்கும் டீச்சரை நினைத்து வந்த கூச்சம் போய்விட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். அது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இருந்த நிறுவனங்களில் நடந்தது. அடுத்த வீட்டுக்காரர்களிடையே அப்படியே நடக்குமா என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி, சின்ன அபராதம் ஆபத்து என்பது. 10 நிமிடம் வரை ஒன்றுமில்லை, அதன் பிறகு ஒவ்வொரு கால்மணிக்கும் வழக்கமான கூலியைப்போல் ஒன்றரை மடங்கு, அரைமணியைத் தாண்டினால் இரண்டு மடங்கு என்று வைத்து, அந்த வாரமே வாங்கிவிடுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் கேட்க வாய் வராது. மாதத்தில் நான்கு முறைக்கு மேல் தாமதம் என்றால் அபராதத்தால் பயனில்லை, அவர்களுக்குத் தேவை ஆறரை மணிவரை. ஒப்பந்த நேரத்தையே மாற்றி மாதத் தொகையை ஏற்றுங்கள்.

வேலை கொஞ்சம் கொஞ்சமாக வீங்குவது இன்னொரு தொல்லை. வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, குளிப்பாட்டி அனுப்புவது, துணி துவைப்பது, நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவது, "இன்னிக்கு மட்டும்" அக்கா மகனையும் விட்டுப்போவது. எதுவும் முடியாது என்று நான் சொல்லவில்லை. மேலே போட்ட கணக்கில் இவை எதுவும் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால், கேட்கும்போது விலையைச் சொல்வது எளிது.

எப்படிப் பேசுவது? "உங்களுக்குத் தோணினதைக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பணிவு மாதிரித் தெரியும், உண்மையில் அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள். நாளைக்கு இத்தனை மணி நேரம், இரண்டாவது பிள்ளைக்குப் பாதி, என் குழந்தை இருப்பதால் இவ்வளவு கழிவு, செலவு இவ்வளவு, ஆக மொத்தம் இது என்று தாளில் காட்டிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுங்கள். அவர்கள் யோசிக்கும் மௌனத்தை நிரப்ப நீங்களே குறைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். கட்டுப்படியாகாது என்றால் வேலையின் அளவைக் குறையுங்கள்: சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்து, மாலை ஆறுக்குப் பதில் ஐந்து மணி, வாரத்தில் ஒரு நாள் தாத்தா பாட்டியிடம், இல்லையென்றால் இன்னொரு குடும்பத்தோடு பங்கு. அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் அவர்கள் சம்பளத்துக்கு உங்கள் சேவை எட்டவில்லை. அது யார் மீதும் குற்றமில்லை, ஆனால் அந்த வித்தியாசத்தை உங்கள் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டிய கடமையும் இல்லை. நட்புக்காகக் குறைக்க மனமிருந்தால், தாராளமாகக் குறையுங்கள், ஆனால் தாளில் "கட்டணம் 23,000, உங்களுக்காக 3,000 கழிவு" என்று இரண்டையும் எழுதுங்கள். எழுதாத தள்ளுபடி ஆறு மாதத்தில் சாதாரண விலையாகிவிடும், பிறகு ஏற்றினால் நீங்கள்தான் மாறிப்போனதாகப் பேச்சு வரும்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். மூன்றை மட்டும் தொடங்குமுன் உள்ளூர் அலுவலகத்தில் விசாரியுங்கள்: பதிவு இல்லாமல் எத்தனை குழந்தைகள் வரை பார்க்கலாம், அந்த எண்ணிக்கையில் சொந்தக் குழந்தை சேருமா, இந்த வருமானத்துக்கு வரி உண்டா. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சொந்த வீட்டில், சொந்த முறைப்படி, பல குடும்பங்களுக்குப் பார்ப்பவரைப் பெரும்பாலும் சுயதொழில் செய்பவராகத்தான் கருதுவார்கள். நோய் விடுப்பு, ஓய்வூதியம், காப்பீடு எதுவும் மறுபக்கத்திலிருந்து வராது. அவற்றுக்கு ஒதுக்க வேண்டிய பங்கும் அந்த 100-க்குள்ளேயே இருக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த 100-இல் அதற்கு இடமில்லை என்றால் 110 என்று தொடங்குங்கள். மாதாமாதம் ரசீது கொடுங்கள். சில பெற்றோருக்கு அலுவலகத்திலோ வரியிலோ அதைக் காட்டிச் சலுகை பெற வழியிருக்கும், அப்படி இருந்தால் உங்கள் கட்டணம் அவர்களுக்கு உண்மையில் குறைவாகத்தான் விழும்.

முதல் இரண்டு வாரம் வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுக் கட்டணத்தில். வெள்ளோட்டம் இலவசம் என்பது வேண்டாம். புது இடத்தில் குழந்தை அதிகம் அழுவதும் உங்களுக்கு வேலை அதிகம் இருப்பதும் அந்த இரண்டு வாரத்தில்தான். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். இரண்டு வாரத் தொகையை அட்வான்ஸாக வாங்கி, நிறுத்தும்போது கடைசி இரண்டு வாரத்தில் கழித்துக்கொள்ளலாம். நிறுத்துவதாக இருந்தால் இரு தரப்பும் நான்கு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். கட்டணத்தை வருடத்துக்கு ஒருமுறையும், சின்னவள் பள்ளியில் சேரும்போதும், பெரியவனின் பள்ளி நேரம் மாறும்போதும் திரும்பப் பார்ப்பது என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு பக்கத் தாள் போதும், இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு கையெழுத்து. அதில் உங்கள் 989 எப்படி வந்தது என்ற கணக்கையும் கீழே எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அந்த 100 என்ற எண்ணை மட்டும் மாற்றினால் புதுத் தொகை வந்துவிடும்.